டிஸ்க் எங்கே போச்சு? குபர்நெட்டிஸ் கேள்வி-பதில்

அமேசானின் கேப் டவுன் ரீஜியனில் புதிதாக இகேஎஸ் கிளஸ்டர் (புரோகிராம்களைப் பல சர்வர்களில் பங்கிட்டு ஓட்டும் குபர்நெட்டிஸை அமேசானே நடத்தித் தரும் சேவை) போட்டேன். பிவிசி (டிஸ்க் கேட்கும் விண்ணப்பம்) பெண்டிங்கிலேயே நிற்கிறது. என்ன தப்பு? (மிட்ராண்ட் வாசகர்)

தப்பு இல்லாமலும் இருக்கலாம். பிவிசியை டிஸ்கிரைப் செய்து அடியில் வரும் ஈவென்ட்டுகளைப் படியுங்கள். முதல் பாடுக்காக (பாட் என்றால் கிளஸ்டரில் ஓடும் புரோகிராமின் மிகச்சிறிய அலகு) காத்திருப்பதாக வந்தால், ஸ்டோரேஜ் கிளாஸில் (எந்த வகை டிஸ்க், எப்படி உருவாக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) 'வெயிட் ஃபார் ஃபர்ஸ்ட் கன்ஸ்யூமர்' இருக்கிறது. பாட் எந்த நோடுக்குப் (கிளஸ்டரில் உள்ள சர்வர்) போகும் என்று முடிவான பிறகுதான் டிஸ்க் உருவாகும். இது நல்லதற்கே. கேப் டவுனில் மூன்று ஸோன்கள் (தனித்தனி டேட்டா சென்டர் பகுதிகள்). இபிஎஸ் (அமேசானின் டிஸ்க் சேவை) டிஸ்க் பிறந்த ஸோனைவிட்டு நகராது. அவசரப்பட்டு 'ஏ' ஸோனில் உருவாகிவிட்டால், அங்கே நோடுகள் நிரம்பி 'பி'யில் இடம் காலியாகக் கிடந்தாலும் பாட் 'பி'க்குப் போக முடியாது.

பாட் வந்த பிறகும் பெண்டிங் என்றால் இபிஎஸ் சிஎஸ்ஐ டிரைவர் (குபர்நெட்டிஸுக்காக டிஸ்க்கை உருவாக்கி இணைக்கும் மென்பொருள்) இருக்கிறதா, அதற்கு அமேசான் கணக்கில் ஐஏஎம் அனுமதி உண்டா என்று பாருங்கள். இகேஎஸ் 1.30 முதல் புதிய கிளஸ்டரில் ஜிபி2 என்ற ஸ்டோரேஜ் கிளாஸ் தானாக டிஃபால்ட் ஆவதில்லை. கிளாஸ் பெயர் எழுதாத பிவிசி சும்மா காத்துக்கொண்டிருக்கும். பழைய யாமல் கோப்பை (அமைப்புகளை எழுதும் கோப்பு) அப்படியே ஒட்டுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

டர்பன் அலுவலகத்தில் சொந்த சர்வர்கள், ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக இணையும் டிஸ்க்) ஸ்டோரேஜ். லோட்ஷெட்டிங்கில் யுபிஎஸ் தீர்ந்து ஒரு நோட் அணைந்தது. டேட்டாபேஸ் பாட் வேறு நோடில் எழும்பவே இல்லை. குபர்நெட்டிஸ் தானாக மாற்றும் என்றார்களே? (சாட்ஸ்வர்த் வாசகி)

மாற்றும், ஆனால் பயந்து பயந்து. நோட் அணைந்ததா, நெட்வொர்க் அறுந்ததா என்று கன்ட்ரோல் பிளேனுக்குத் (கிளஸ்டரை மேய்க்கும் பகுதி) தெரியாது. உயிரோடு இருக்கும் நோட் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றும் அதே டிஸ்க்கில் எழுதினால் ஃபைல் சிஸ்டம் நாசம். வழக்கமான அமைப்பில் ஐந்து நிமிடம் கழித்துப் பாடை வெளியேற்றச் சொல்லி அந்த நோடுக்குக் கட்டளை போகும். 'முடித்துவிட்டேன்' என்று பதில் சொல்ல அந்த நோடில் ஆளில்லையே! பாட் டெர்மினேட்டிங்கில் தொங்கும். ஸ்டேட்ஃபுல்செட் (டேட்டாபேஸ் போன்றவற்றுக்கான, பெயர் மாறாத பாட் தொகுதி) என்றால் பழையது போகும்வரை அதே பெயரில் புதியது வராது.

நோட் உண்மையிலேயே அணைந்திருப்பதை, முடிந்தால் நேரில் போய், உறுதிப்படுத்துங்கள். பிறகு அதன்மேல் 'அவுட் ஆஃப் சர்வீஸ்' டெயின்ட் (பாட்களை அண்டவிடாத குறி) போடுங்கள். பாட் உடனே நீக்கப்படும், டிஸ்க் கழன்று அடுத்த நோடுக்குப் போகும். 1.28 பதிப்பில் இது நிலைபெற்றுவிட்டது. கரண்ட் வந்து நோட் எழுந்ததும் டெயின்ட்டை நீங்களே கையால் எடுக்க வேண்டும். இரண்டாம் நாள் 'இந்த நோடில் எதுவுமே ஓடவில்லை' என்று எனக்கு எழுதுகிறவர்கள் இதை மறந்தவர்கள்தான்.

நோடின் உள் டிஸ்க்கில் டேட்டா வைத்திருந்தால் இந்த வித்தை பலிக்காது.

பிவிசியை அழித்தால் டேட்டாவும் போய்விடுமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

தானாக உருவான டிஸ்க் என்றால் பெரும்பாலும் போய்விடும். ரீகிளெய்ம் பாலிசி (பிவிசி போனபின் டிஸ்க்கை என்ன செய்வது என்ற விதி) எழுதாத ஸ்டோரேஜ் கிளாஸுக்கு 'டிலீட்' என்றே பொருள். நான் பட்டே கற்றேன். மவுண்ட் எட்ஜ்கோம்ப் காவடிக்குக் கிளம்பும் அவசரத்தில், டெஸ்ட் என்று நினைத்து ஒரு நேம்ஸ்பேஸை (கிளஸ்டருக்குள் பிரித்து வைத்த ஒரு பகுதி) அழித்தேன். உள்ளிருந்த பிவிசிகள், அவற்றோடு டிஸ்க்குகள், எல்லாம் வரிசையாகப் போயின. காவடியும் பார்க்கவில்லை, இரவு முழுக்க பேக்கப்போடு உட்கார்ந்தேன்.

ஸ்டோரேஜ் கிளாஸில் இப்போது 'ரிட்டெய்ன்' என்று மாற்றினால் இனி வரும் டிஸ்க்குகளுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு பிவியையும் (உருவான டிஸ்க்கின் குபர்நெட்டிஸ் பதிவு) தனியாகப் பேட்ச் செய்யுங்கள். ஸ்டேட்ஃபுல்செட்டைச் சுருக்கினால் நேர்மாறு: பிவிசிகள் அப்படியே நிற்கும், மாத பில்லும் ஏறும்.

பிவிசியில் 'ரீட் ரைட் ஒன்ஸ்' போட்டும் இரண்டு பாட்கள் ஒரே டிஸ்க்கில் எழுதுகின்றனவே?

அது ஒரு நோடுக்கான கட்டுப்பாடு, ஒரு பாடுக்கானதல்ல. ஒரே பாட்தான் வேண்டுமானால் 'ரீட் ரைட் ஒன்ஸ் பாட்' போடுங்கள். சிஎஸ்ஐ டிரைவரில் மட்டுமே உண்டு.

100 ஜிபி கேட்டுவிட்டேன், 20 போதும். குறைக்கலாமா?

முடியாது. கூட்டத்தான் முடியும், அதுவும் கிளாஸ் அனுமதித்தால். சின்னதாக இன்னொன்று உருவாக்கி டேட்டாவை நகலெடுங்கள்.