ஒற்றைப்படை ஆறு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆறுகள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். முதுகலை ப்ராஜெக்ட்டுக்காக அமேசான், ஒரினோகோ இரண்டின் ஆற்று வலையையும் வரைபடத்திலிருந்து எடுத்து, கடலை வேராக வைத்து, கிளை பிரியும் ஒரே மரமாக்கினேன். சுமார் 12,000 நோடுகள் (முனைகள்); அவற்றை இணைக்கும் ஆற்றுத் துண்டுகள் எட்ஜ்கள். எல்லா நோடுகளுக்கும் இடையே ஆற்றுவழித் தூரம் கணக்கிட்டு, சிங்கிள் லிங்கேஜ் முறையில் படிநிலை கிளஸ்டரிங் (நெருக்கமானவற்றைக் குழுக்களாகச் சேர்ப்பது) செய்தேன். ஒரே ஒரு ராட்சத கிளஸ்டரும் மீதி உதிரிகளுமாக வருகிறது. எத்தனை கிளஸ்டராகப் பிரிப்பது சரி? எல்லாம் சம அளவில் வர என்ன செய்யலாம்? எந்த லைப்ரரி வேகமானது? ஓர் இடத்தில் லூப் (சுற்றி வந்து மூடும் வழி) வந்தது. டேட்டா பிழை என்று அந்த எட்ஜை நீக்கிவிட்டேன்.

க.

அன்புள்ள க.,

லைப்ரரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எதில் எழுதினாலும் ஓடும்.

முதலில் திட்டிவிடுகிறேன். உங்கள் கையில் மரம் இருந்தது. 12,000 நோடு என்றால் 11,999 எட்ஜ், அவ்வளவுதான். அதை ஓரமாக வைத்துவிட்டு ஏழு கோடிக்குப் பக்கமான தூரங்களைக் கணக்கிட்டு, அந்தக் குவியலுக்குள் மறுபடி மரத்தைத் தேடச் சொல்லிக் கணினியை ஏவியிருக்கிறீர்கள். சிங்கிள் லிங்கேஜ் என்பது, எல்லாவற்றையும் மிகக் குறைந்த நீளத்தில் இணைக்கும் மரத்தை எடுத்து அதன் நீளமான எட்ஜ்களை ஒவ்வொன்றாக அறுப்பதுதான் என்று புள்ளியியலாளர்கள் கோவரும் ராஸும் 1969-லேயே எழுதிவிட்டார்கள். ஆற்றுவழியே அளந்த தூரம் என்றால், அந்த இணைப்பு மரம் நீங்கள் தொடங்கிய அதே மரம்தான். ஆக, எட்ஜ்களை நீளவாரியாக அடுக்கி மேலிருந்து வெட்டியிருக்கிறீர்கள். ஓரத்தில் நீளமான ஓடை ஒன்று இருந்தால் அது கழன்று விழும், உடம்பு அப்படியே நிற்கும். வேறென்ன வரும்?

சம அளவு வேண்டுமென்றால் குந்துவும் மிஸ்ராவும் 1977-ல் சொன்ன வழி இருக்கிறது. ஒவ்வொரு நோடுக்கும் ஓர் எடை (பரப்போ, வெறும் எண்ணிக்கையோ) கொடுத்து, ஒரு துண்டு இவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்துக்கொண்டு இலைகளிலிருந்து வேரை நோக்கி வாருங்கள். ஒரு நோடில் சேரும் சுமை வரம்பை மீறினால், அதற்கு அடுத்த மேல்கிளைகளில் அதிகச் சுமையுள்ள பிள்ளையை முதலில் வெட்டுங்கள், அடங்கும்வரை வெட்டுங்கள். மிகக் குறைந்த வெட்டுகளில் வேலை முடியும். ஆனால் ஆற்றை எதற்குச் சமமாக வெட்ட வேண்டும்? ரேஷன் அரிசியா அது?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது ஓட்டோ ஃபாஃப்ஸ்டெட்டர் என்ற பிரேசில் பொறியாளர். 1989-ல் அவர் எழுதிய முறை இது. கடலிலிருந்து ஆற்றின் மேலே போங்கள். ஒவ்வொரு கூடுமிடத்திலும் அதிக வடிநிலம் (மழைநீர் வடிந்து வந்து சேரும் பரப்பு) உள்ள பக்கமே பிரதான ஆறு. அதில் வந்து சேரும் துணையாறுகளில் வடிநிலம் மிகப் பெரிய நான்கை மட்டும் எடுங்கள். கீழிருந்து மேலாக 2, 4, 6, 8. இடையில் பிரதான ஆற்றை ஒட்டி எஞ்சும் நிலத்துக்கு 1, 3, 5, 7, உச்சிக்கு 9. பூஜ்யம், கடலுக்குப் போகாமல் உள்ளேயே வற்றும் நிலத்துக்கு. பிறகு ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இதையே திரும்பச் செய்து இன்னொரு இலக்கம் சேர்க்க வேண்டும்.

தென் அமெரிக்காவில் அமேசான் 4. அதற்குள் ஷிங்கு 42, தபஜோஸ் 44, மதேரா 46, நீக்ரோ 48. இப்போது மதேராவில் எண்ணெய் கொட்டிவிட்டது என்று வையுங்கள். அது 45, 43, 41 என்று இறங்கிக் கடலுக்குப் போகும். 44-க்குள்ளும் 42-க்குள்ளும் நுழையாது, ஏனென்றால் அவை இரட்டை, பக்கத்திலிருந்து வந்து சேருபவை. வரைபடமே வேண்டாம். இரண்டு எண்களின் முன்பகுதி ஒன்றாக இருந்து, பிரியும் இலக்கம் ஒன்றில் சிறியதாகவும் அங்கிருந்து கடைசிவரை ஒற்றைப்படையாகவும் இருந்தால், அந்த எண்ணுள்ள இடம் மற்றதற்குக் கீழே இருக்கிறது. மரத்தின் வடிவமே எண்ணுக்குள் ஏறிவிட்டது! எனக்கு இதை நினைத்தால் இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் வடிநிலங்களுக்கு வெறும் வரிசை எண் போட்டிருந்தார்கள். 317-க்கு மேலே எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு பெரியவர் இருந்தார், கண்ணை மூடிக்கொண்டு யோசித்து, "212, அப்புறம் 88" என்பார். சரியாகவே இருக்கும். அவர் ஓய்வுபெற்ற பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் பெரிய வரைபடத்தை மேஜையில் விரித்தோம். அதன் மடிப்புகள் கிழிந்து, ஒட்டிய டேப்புக்கு அடியில் ஓர் ஆறே காணாமல் போனது.

எத்தனை கிளஸ்டர் என்று கேட்டீர்கள். ஃபாஃப்ஸ்டெட்டர் ஒன்பது வைத்தார், நம் இலக்கங்கள் பத்து என்பதால். அதில் புனிதம் ஒன்றுமில்லை. துண்டுகளும் சமமில்லை, மதேராவின் வடிநிலம் நீக்ரோவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கடைசியாக, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த லூப். அது பிழை இல்லை தம்பி. வெனிசுவேலாவில் காசிகியாரே என்று ஓர் ஆறு, 300 கிலோமீட்டருக்கு மேல் நீளம். மேல் ஒரினோகோவிலிருந்து பிரிந்து, அந்தத் தண்ணீரில் ஒரு பங்கை நீக்ரோவுக்குக் கொண்டுபோகிறது. ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் 1800-ல் அதில் படகில் போயிருக்கிறார். கணக்குக்கு மரம் தேவை, ஓர் எட்ஜை விட்டுத்தான் ஆக வேண்டும், சரி. ஆனால் அதை "பிழை" என்று அழிக்காதீர்கள். தனி அட்டவணை ஒன்றில் போட்டு வையுங்கள்: 2-லிருந்து (ஒரினோகோவின் எண்) 48-க்கு, திசையோடு. ப்ராஜெக்ட் அறிக்கையில் அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். உங்கள் வழிகாட்டி அதை வெட்டச் சொன்னால் என் பெயரைச் சொல்லிச் சண்டை போடுங்கள்.