வாசகர் கேள்வி பதில்: இன்ஜினை இறக்குவதற்கு முன் டீசல் வரும் வழியைப் பாருங்கள்

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): என்னுடையது 2008ஆம் ஆண்டு வாங்கிய, பழைய வகை பம்ப் உள்ள டீசல் பிக்கப். அதிகாலையில் மல்லிகைப்பூ ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி சந்தைக்குப் போக வேண்டும். காலையில் செல்ஃப் வெகுநேரம் சுற்றிய பிறகுதான் இன்ஜின் பிடிக்கிறது. வெள்ளைப் புகையும் வருகிறது. ஓடத் தொடங்கிவிட்டால் நாள் முழுவதும் உடனே ஸ்டார்ட் ஆகிறது, இழுவையும் குறையவில்லை. இன்ஜினை இறக்கிப் போர் போட (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்ய) வேண்டும் என்கிறார்கள். கடன் வாங்கித்தான் அதைச் செய்ய முடியும். நானே எதையாவது சோதித்துப் பார்க்கலாமா?

பதில்: கடன் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் தேய்ந்த இன்ஜினுக்கு உரியவையாகத் தெரியவில்லை. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்தும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடேறி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனரும் தேய்ந்திருந்தால் அந்த அழுத்தம் குறைந்து காலையில் ஸ்டார்ட் ஆகத் தயங்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட இன்ஜின் பகலிலும் இழுவை குறைந்து, ஆயிலைக் குடித்து, ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் அந்த வழியே விட்டுவிட்டுப் புகையைத் தள்ளும். உங்களுக்கு இவை எதுவும் இல்லையென்றால், இரவில் வண்டி நிற்கும்போது குழாயில் உள்ள டீசல் டேங்குக்குத் திரும்பிவிட்டு அந்த இடத்தில் காற்று நிரம்புகிறது என்பதே என் முதல் சந்தேகம்.

இதை உறுதி செய்யக் காசு செலவில்லை. நாளை விடியற்காலையில் சாவியைத் தொடுவதற்கு முன், டீசல் ஃபில்டரின் தலையிலோ பம்பின் பக்கத்திலோ இருக்கும் கை பம்பை, கைக்கு இறுக்கம் தெரியும் வரை அடித்துவிட்டு, அதன் பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே பிடித்தால் பழுது டீசல் வரும் வழியில்தான் இருக்கிறது. அப்போதும் தயங்கினால் பேட்டரியின் பலம், ஸ்டார்ட் செய்யும்போது சூடேற்றும் ஹீட்டர் பிளக் உள்ள வண்டியானால் அவை, கடைசியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் அளவு) என்ற வரிசையில் போகலாம். நம் பக்கத்தில் மார்கழி விடியலிலும் கடுங்குளிர் இல்லை என்பதால், ஹீட்டர் பிளக்கை நான் முதலில் குற்றம் சொல்ல மாட்டேன்.

காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் வரை உள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. எனவே அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரம் எங்கே என்று தேடினால் அது கண்ணில் படவே படாது. பம்புக்குள் நுழையும் இடத்தில் தெளிவான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தி, இன்ஜின் ஓடும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், வெடிப்பு விட்ட ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், திரும்பத் திரும்பப் பயன்படுத்திய செம்பு வாஷர் ஆகியவற்றைச் சோதியுங்கள். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு இறுக்குவது பல பட்டறைகளில் வழக்கம். கழற்றும் ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுவதே சரி. குமிழியே வரவில்லை, ஆனால் காலையில் மட்டும் தொல்லை என்றால், கை பம்பின் உள்ளே இருக்கும் வால்வு தேய்ந்து டீசலைத் தாங்காமல் விடுகிறதா என்று பாருங்கள். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீர் இறக்குவதையும் இதோடு முடித்துவிடுங்கள்.

மாற்றியபின் ஏர் எடுக்க, அதாவது உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, நுரை நின்று முழு டீசலாக வரும் வரை கை பம்பை அடித்து, அடித்துக்கொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள். பின்பு பம்பில் ஏர் எடுக்கும் திருகு இருந்தால் அங்கும் அப்படியே செய்யுங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃபைப் பத்துப் பதினைந்து விநாடி சுற்றி, இடைவெளி விட்டு மீண்டும் சுற்றி, டீசல் கசிந்ததும் இறுக்கலாம். அந்த இடத்தில் கையையோ முகத்தையோ அருகில் கொண்டுபோகாதீர்கள். நாசிலின் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்திய அளவுதான் தெரியும், ஆனால் உள்ளே தசை அழுகும் ஆபத்து இருப்பதால் வலி இல்லாவிட்டாலும் அன்றே, அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாய் உள்ள) வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் இந்த நட்டுகளைத் தளர்த்தவே கூடாது. அங்கே அழுத்தம் 1000 பாருக்கும் மேல்.

பம்பையும் நாசிலையும் நீங்கள் பிரிக்க வேண்டாம். சோதனை மேடை உள்ள பட்டறையில்தான் அவற்றின் பீச்சலைச் சரிபார்க்க முடியும்.

கேள்வி (திருமங்கலம் வாசகி): தேனியிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் எங்கள் பிக்கப், ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் சூடாகிறது; ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது என்கிறார்கள். என் மகன் வீட்டிலேயே மாற்றுவதாகச் சொல்கிறான். விடலாமா?

பதில்: போய்விட்டது என்று முடிவு செய்யும் முன் ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஹோஸ்கள், ஃபேன் பெல்ட், வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் கசிவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இவை சரியாக இருந்தால், இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கட்டும். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, ஆயில் பால் டீ நிறத்தில் மாறியிருந்தாலோ கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

மகனுக்குப் பொறுமையும், போல்ட்டை அளவாக இறுக்கும் டார்க் ரென்ச்சும் இருந்தால் செய்யலாம். ஆனால் கழற்றிய ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் பூட்டக் கூடாது. பல டீசல் இன்ஜின்களுக்குக் கேஸ்கெட் வெவ்வேறு தடிமனில் வருகிறது; பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழுகிறதோ அதற்கேற்ப அதைத் தேர்ந்தெடுப்பார்கள், ஓரத்தில் உள்ள வெட்டுகளோ துளைகளோ அந்த அளவைக் காட்டும். மெல்லியது போட்டால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். தடித்தது போட்டால் கம்ப்ரஷன் குறைந்து ஸ்டார்ட் ஆகத் தயங்கும். எனவே பழையதை வைத்துக்கொண்டே புதியதை வாங்குங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சிறிது சிறிதாக, பல சுற்றில், கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறீர்கள் என்றால் அதை நிறுத்திவிடுங்கள். நம் பகுதியின் உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து ரேடியேட்டரை அடைத்துவிடும், புதுக் கேஸ்கெட் போட்டாலும் ஏற்றத்தில் மீண்டும் சூடாகும்.

கேள்வி (மேலூர் வாசகர்): பம்பில் டீசல் அளவைக் கூட்டும் திருகைத் திருப்பினால் இழுவை கூடும் என்கிறார்களே?

பதில்: டீசல் அதிகம் போகும், ஆனால் அதை எரிக்கும் காற்றின் அளவு அதிகரிக்காது. கரும்புகை வரும், மைலேஜ் குறையும், பிஸ்டன் சூட்டில் கெடும். அந்தத் திருகு சீல் வைக்கப்பட்டிருப்பது இதற்காகவே. இழுவை குறைந்திருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். செம்மண் பாதையில் ஓடும் வண்டியில் பெரும்பாலும் பழுது அங்கேதான் இருக்கும்.