நம் ஆறரை மணி அங்கே எத்தனை மணி?

கேள்வி: ஊத்தங்கரையிலிருந்து நடுகல் ஆர்வலர் குழு நடத்துகிறோம். சனிக்கிழமை மாலை 6.30க்கு ஜூமில் கூடி, நடுகல் படங்களைப் போட்டு, அதிலுள்ள வட்டெழுத்தை (பழைய தமிழ் எழுத்துமுறை) வாசிப்போம். ஜூலையில் சரியாக வந்த டொராண்டோ, லண்டன்காரர்கள் நவம்பரில் ஒரு மணி நேரம் பிந்தி வருகிறார்கள். சிட்னி நண்பரோ அக்டோபரிலிருந்து ஒரு மணி முந்தி வந்து காத்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தித் தர, ‘சர்வதேச இணைப்புக் கட்டணம்’ என்று ஆளுக்கு 300 ரூபாய் கேட்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு கட்டணமே கிடையாது. எந்த நாட்டிலிருந்து செயலி வழியாக வந்தாலும் விருந்தினருக்கு ஜூம் இலவசம். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துபோகும். அது தொல்லையென்றால் நடத்துகிற ஒருவர் மட்டும் சந்தா கட்டினால் போதும். சான்றிதழ், உலக சாதனை என்று அடுத்து வருவார், கதவைச் சாத்துங்கள்.

இனி கடிகாரம். நாம் கடிகாரத்தை மாற்றுவதில்லை; அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கோடையில் ஒரு மணி முன்னே தள்ளி, குளிரில் பின்னே இழுப்பார்கள். சிட்னிக்குக் கோடை, லண்டனின் குளிர்காலத்தில். நம் 6.30, டொராண்டோவில் கோடையில் காலை 9, நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து 8. லண்டனில் பகல் 2, அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து 1. சிட்னியில் இரவு 11, அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து நள்ளிரவு 12. ஆளுக்கொரு தேதி! இந்தக் கூத்தை நிறுத்த ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இலேயே வாக்களித்தது, நின்றபாடில்லை.

கூகுள் காலண்டரில் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று வைத்து, வாராவாரம் எனக் குறித்து, ஒவ்வொருவர் மின்னஞ்சலுக்கும் அழைப்பு அனுப்புங்கள். அவரவர் போனில் அவரவர் ஊர் நேரம் தானாக வரும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் கெட்டது: படத்தில் உள்ள நேரம் மாறாது. இந்திய நேரத்தைச் சுருக்கி ‘ஐஎஸ்டி’ என்றும் எழுதாதீர்கள், அயர்லாந்துக்காரர் அதைத் தம் ஊர்க் கோடை நேரமாக எடுத்துக்கொள்வார். ‘ஊத்தங்கரை மாலை 6.30’ என்றே எழுதுங்கள்.

சிட்னிக்கு நள்ளிரவு 12 பெரிய வம்பு. ‘சனி 12 மணி’ என்றால் வெள்ளி இரவே வந்து உட்காருவார். கூட்டத்தை 6 மணிக்கு மாற்றினால் அங்கே 11.30, சனிக்கிழமைக்குள் அடங்கிவிடும்; டொராண்டோக்காரர் குளிரில் 7.30க்கு எழ வேண்டும், அவ்வளவுதான்.

பிரிஸ்பேனில் யாராவது இருந்தால் சிட்னி வரிசையில் சேர்க்காதீர்கள். இரண்டும் ஆஸ்திரேலியக் கிழக்குக் கரைதான். ஆனால் பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. நம் 6 மணி அங்கே வருஷம் முழுக்க இரவு 10.30. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சிட்னியும் அதேதான். மற்ற மாதங்களில் ஒரு மணி இடிக்கும். ‘ஆஸ்திரேலிய நேரம்’ என்று பொதுவாகப் போட்டால் இருவரில் ஒருவர் தவறிவிடுவார்.