ரெஜிஸ்டரில் ஒன்பது பேர்

கேள்வி: கொரட்டூரில் பல வருடமாகச் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். பள்ளிச் சீருடை, நைட்டி, உள்பாவாடை தைத்துக் கொடுக்கிறோம். பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். எல்லாரும் எனக்குக் குடும்பம் மாதிரி. தீபாவளிக்குப் புடவை, ஸ்வீட் தவறியதில்லை. ஓவர்லாக் மிஷினில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் போன மாதம் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன். தனியார் நர்சிங் ஹோமில் 60,000 ரூபாய் ஆகி, வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறாள். மாதச் சம்பளம் 12,000. நானும் 5,000 கொடுத்து, மாதம் 500 வீதம் கழித்துக்கொள்கிறேன். பதினைந்தே நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டாள், அவ்வளவு விசுவாசம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு முயன்றோம். வருமானச் சான்றிதழில் இடித்தது. ரெஜிஸ்டரில் ஒன்பது பேர்தான் என்பதால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நமக்குப் பொருந்தாது என்று ஆடிட்டர் சொன்னதாக மகன் சொல்கிறான். அவன்தான் இப்போது கணக்குப் பார்க்கிறான். தவிர, பிடித்தம் என்றாலே இந்தப் பெண்களும் வேண்டாம் என்கிறார்கள். இவர்களுக்கு அரசாங்கத்தில் வேறு என்ன உதவி கிடைக்கும்? நான் எப்படி வாங்கித் தருவது? அவள் மகள் மாநகராட்சிப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிறாள்.

- ஒரு வாசகி, கொரட்டூர்

பதில்: கடிதத்தின் தொடக்கத்தில் பதினான்கு பேர். நடுவில் வரும்போது ஒன்பது பேர். மீதி ஐந்து பேர் எங்கே போனார்கள்?

நீங்கள் சொல்லாவிட்டாலும் ஊகிக்க முடியும். பிசிர் வெட்டுகிறவள், காஜா பட்டன் போடுகிறவள், அயர்ன் பண்ணுகிறவள், பீஸ் ரேட்டில் வருகிற இரண்டு பேர். காலையில் வந்து சாயங்காலம்தான் போகிறார்கள். வியாழக்கிழமை ஆர்டர் முடியவில்லை என்றால் ராத்திரியும் இருக்கிறார்கள். ரெஜிஸ்டரில் மட்டும் இல்லை. ஏன் எட்டு இல்லை, ஏன் பதினொன்று இல்லை, ஏன் சரியாக ஒன்பதில் வந்து நிற்கிறது? பத்தாவது பெயரை எழுதினால் ஈ.எஸ்.ஐ. கட்டியாக வேண்டும். அதனால்தான். இது உங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் நான் நம்பத் தயார். உங்கள் மகனுக்குத் தெரியாது என்றால் நம்ப மாட்டேன்.

ஆடிட்டரைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் கொடுத்த எண்ணுக்கு அவர் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறார். சட்டம் பார்ப்பது அங்கே வேலை செய்கிற ஆட்களை. மாதச் சம்பளமா, பீஸ் ரேட்டா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பி.எஃப்.புக்கு இருபது பேர் வேண்டும், அது உங்களுக்கு இன்னும் வரவில்லை, சரி. ஈ.எஸ்.ஐ.க்குப் பத்து பேர் போதும். நீங்கள் எப்போதோ அதைத் தாண்டிவிட்டீர்கள்.

குடும்பம் மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். முதலாளிகள் எழுதும் கடிதம் எல்லாவற்றிலும் இந்த வார்த்தை வருகிறது. குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும். பெயரை எழுதாமல் விட்டுவிட்டு, ‘அவளும் எங்கள் வீட்டுப் பெண்தான்’ என்று வாயால் சொன்னால் கடையில் அரிசி போடுவார்களா?

இப்போது கணக்குக்கு வருவோம். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். எல்லாருக்கும் அதே சம்பளம் என்று வைத்துக்கொண்டாலும் பதினான்கு பேருக்கும் சேர்த்து மாதம் உங்கள் கையிலிருந்து போவது 5,460. அந்தப் பெண்ணுக்குக் கடனாகக் கொடுத்தீர்களே, கிட்டத்தட்ட அதே தொகை.

அதைக் கட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொரட்டூரிலிருந்து அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். கே.கே. நகரில் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரியே இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும், அதெல்லாம் உண்டு. ஆனால் ஆபரேஷனுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருக்க வேண்டாம். வீட்டில் படுத்திருந்த நாட்களுக்கும் சம்பளத்தில் 70 சதவீதம் வந்திருக்கும். அவள் சம்பளத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 280 ரூபாய். வருடத்துக்கு 91 நாள் வரை அப்படி வாங்கலாம். கர்ப்பப்பை எடுத்தவள் பதினைந்து நாளில் மிஷின் பெடலை மிதிக்கிறாள் என்றால் அதற்குப் பெயர் விசுவாசமா? உட்கார்ந்தால் சோறில்லை, வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். அதை உங்கள் மேல் வைத்த பாசம் என்று நினைத்துக்கொண்டீர்களே, அதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

அந்தப் பெண்கள் பிடித்தம் வேண்டாம் என்கிறார்களாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமையைச் சட்டம் அவர்களுக்கும் தரவில்லை, உங்களுக்கும் தரவில்லை. அப்புறம் ஒன்று, மாதம் 500 ரூபாய் கடனுக்குக் கழிக்கும்போது குறையாத கை, 90 ரூபாய் பிடித்தால் குறைந்துவிடுமா? அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். புருஷன், பிள்ளைகள், அவர்களை நம்பியிருக்கும் அப்பா அம்மா எல்லாருக்கும் இதே ஈ.எஸ்.ஐ. அட்டையில் வைத்தியம் என்று மத்தியானம் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். பிரசவம் என்றால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதற்கான பணத்தையும் ஈ.எஸ்.ஐ.யே கொடுக்கிறது என்று புதிதாகக் கல்யாணமானவளிடம் சொல்லுங்கள். யார் வேண்டாம் என்கிறார்கள் என்று அப்போது பார்க்கலாம்.

காப்பீட்டு அட்டை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அதற்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000. இவள் சம்பளமே 1,44,000 ஆகிறது. இடிக்காமல் என்ன செய்யும்? சம்பளத்தைக் குறைத்து எழுதிக் கொடுக்கும் யோசனை யாராவது சொல்லியிருப்பார்கள். செய்யாதீர்கள். ஈ.எஸ்.ஐ.க்கு வரம்பு மாதம் 21,000. உண்மையைச் சொல்லியே அவளுக்குக் கிடைக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். ஈ.எஸ்.ஐ.சி. இணையதளத்தில் யூனிட்டைப் பதிவு செய்யுங்கள். பதினான்கு பேரின் ஆதார், வங்கிக் கணக்கு, குடும்பத்தார் விவரம் எல்லாம் ஏற்றுங்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் பக்கத்திலிருக்கும் டிஸ்பென்சரியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் யூனிட்டுக்குப் பக்கத்தில் எது என்று பார்க்காதீர்கள். காய்ச்சலில் கிடக்கிறவள் உங்கள் யூனிட் வரைக்கும் வர மாட்டாள். ஒவ்வொரு மாதப் பணத்தையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டுங்கள். வைத்தியம் சேர்ந்த நாளிலிருந்து கிடைக்கும். நோய்க்கால உதவித்தொகை வர ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய பாக்கி, அதற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று கேட்கலாம். கேட்டால் கட்டுங்கள். அயர்ன் பாக்ஸில் யாருக்காவது கை போன பிறகு மாட்டிக்கொண்டால், அவளுக்கு ஈ.எஸ்.ஐ. கழகம் கொடுக்கும் தொகையையும் சேர்த்து உங்களிடம்தான் வசூலிப்பார்கள்.

மகளுக்கு: அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தருவது புதுமைப்பெண் திட்டம், 2022-இல் தொடங்கியது. கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கையின்போது கேட்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிற பெண்கள் யாராவது உங்களுக்கு இருந்தால், தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதியச் சொல்லுங்கள்.

உங்கள் மகனைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றவர்கள் பிள்ளைக்குச் சொத்து வைக்காவிட்டாலும் போகட்டும், பொய்க்கணக்கை வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பது என் கட்சி. பையன் கெட்டிக்காரன் என்று நீங்கள் பெருமைப்படலாம். ஐந்து பெண்களை எண்ணாமல் விடுவதில் அந்தக் கெட்டிக்காரத்தனம் ஆரம்பிக்கிறதே, அதைத் தாய் கண்டிக்காமல் வேறு யார் கண்டிப்பார்கள்? பதிவு செய்யும் வேலையை அவனிடமே கொடுங்கள். அந்த ஐந்து பேரின் பெயரை அவன் கையாலேயே டைப் அடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

அந்த 500 ரூபாய் பிடித்தத்தை இந்த மாதமே நிறுத்துங்கள். ஏற்கெனவே பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் வட்டிக்கு வாங்கிய அசலில் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள்.