முகச் சுருக்கம்: எந்தக் கோட்டுக்கு எந்தச் சிகிச்சை?

கேள்வி: வயது 44. புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள். மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இரண்டு மடிப்புகள். போடாக்ஸ் போட்டால் எல்லாம் போய்விடுமா?

பதில்: போகாது. இரண்டும் வேறு வேறு காரணத்தால் வருபவை. கண்ணாடி முன் நின்று முகத்தைத் தளர்வாக வைத்துப் பாருங்கள். பிறகு கோபப்படுவதுபோல் புருவத்தை நெரியுங்கள். நெரிக்கும்போது மட்டும் தெரிகிற கோடு தசையின் வேலை. அதற்குத்தான் போடாக்ஸ் ஊசி. தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் நரம்பு முனையிலிருந்து வெளிவராமல் அது தடுத்துவிடும். சும்மா இருக்கும்போதும் கோடு தெரிகிறதென்றால் தோலிலேயே தடம் விழுந்துவிட்டது; போடாக்ஸ் அதை லேசாக்கும், முழுதாக அழிக்காது.

புருவ நடுவுக்கு வழக்கமான அளவு 20 யூனிட். ஐந்து இடங்களில் தலா 4. இது போடாக்ஸ் கணக்கு. அதே வகை மருந்தின் இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட் என்றால் அதே இடத்துக்கு 50 யூனிட். எனவே யூனிட்டை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடாதீர்கள். மூன்று நான்கு நாளில் மாற்றம் தொடங்கும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும், மூன்று நான்கு மாதம் நிற்கும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது.

வாயோர மடிப்பு, கன்னத்தின் கொழுப்பு குறைந்து தோல் தொய்வதால் வருவது. அங்கே தேவைப்படுவது ஹையலூரானிக் அமில ஃபில்லர், அதாவது தோலுக்கடியில் ஊசியால் செலுத்திப் பள்ளத்தை நிரப்பும் ஜெல்.

கேள்வி: போடாக்ஸ் போட்ட என் அக்காவுக்கு ஒரு பக்க இமை இறங்கிவிட்டது. நிரந்தரமாக இப்படியே இருந்துவிடுமா?

பதில்: இருக்காது. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். புருவத்துக்கு மேலே போடும் ஊசி, கண்குழி எலும்பின் விளிம்பிலிருந்து குறைந்தது 1 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். அதற்குக் கீழே போட்டாலோ, போட்டதும் அந்த இடத்தைத் தேய்த்தாலோ மருந்து கசிந்து இமையைத் தூக்கும் தசைக்குப் போய்விடலாம். போடாக்ஸுக்கு முறிவு மருந்து கிடையாது. அப்ராக்ளோனிடின் கண் சொட்டு மருந்து இமையை ஓரிரு மி.மீ. தூக்கித் தரும். அதையும் மருத்துவர் சொன்னால் மட்டும் போடலாம். இமை இறங்காமல் புருவமே கனத்துத் தாழ்ந்திருந்தால் காரணம் வேறு: நெற்றித் தசைக்கு மருந்து அதிகமாகிவிட்டது. அதற்குச் சொட்டு மருந்து உதவாது, பொறுத்திருக்கத்தான் வேண்டும். மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் என்றால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஃபில்லர் ஆபத்தானது என்கிறார்களே?

பதில்: வீக்கமும் கன்றிப்போவதும் சாதாரணம், சில நாளில் வடியும். பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று: ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்வது. அரிதுதான், ஆனால் நடந்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். தோல் திடீரென வெளுக்கும், அல்லது வலைபோல் நீலம் பாயும்; வலி கூடிக்கொண்டே போகும். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்பத் தாமதமாகும். அப்போது ஹையலூரானிடேஸ் ஊசி போட்டு ஃபில்லரைக் கரைக்க வேண்டும். ஆகவே நாற்காலியில் உட்காரும் முன்பே, “ஹையலூரானிடேஸ் கைவசம் இருக்கிறதா?” என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள், கூச்சமே வேண்டாம். பார்வை மங்கினால் அது அவசர நிலை. புருவ நடுவிலும் மூக்கிலும் அந்த ஆபத்து கூடுதல். கரைக்கவே முடியாத சிலிக்கான் போன்ற நிரந்தர ஃபில்லர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஊசி வேண்டாம் என்று ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து) க்ரீம் வாங்கினேன். பத்து நாளில் முகம் சிவந்து உரிந்துவிட்டது. நிறுத்திவிட்டேன்.

பதில்: க்ரீமைக் கைவிட வேண்டாம், அளவையும் இடைவெளியையும் மாற்றுங்கள். எரிச்சல் முழுதாக அடங்கட்டும். பிறகு 0.025 சதவீத க்ரீமை வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும் போடுங்கள். முகம் கழுவி, நன்றாகக் காய 20 நிமிடம் விடுங்கள். ஈரத்தோலில் போட்டால் எரிச்சல் கூடும். முகம் முழுதுக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். கண்ணோரம், மூக்கோரம், வாயோரம் தவிர்த்துவிடுங்கள். மேலே மாய்ஸ்சரைசர். ஒரு மாதம் தோல் தாங்கினால் ஒன்றுவிட்டு ஒரு இரவு. தோலை உரிக்கும் கிளைக்காலிக் அமிலம், ஸ்க்ரப் எதுவும் கூடவே வேண்டாம். கோடு லேசாவது தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். கர்ப்பமாக இருந்தாலோ, திட்டமிட்டாலோ போடக் கூடாது.

காலையில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் கட்டாயம். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்து முகம், கழுத்து இரண்டுக்கும் பூசுங்கள். சுருக்கம் உண்டாக்கும் யூவிஏ கதிர் சன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும். வீட்டுக்குள் சன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவர்களும் பூச வேண்டும்.

கேள்வி: மாநிறத் தோலுக்கு லேசர் செய்யலாமா?

பதில்: செய்யலாம், மெதுவாக. மாநிற, கருநிறத் தோலில் சூடு அதிகமானால் சுருக்கம் குறைந்தாலும் கருந்திட்டு தங்கிவிடும். காதோரம் சிறு இடத்தில் முதலில் சோதித்து, சில வாரம் பொறுத்துப் பார்த்த பிறகு முகத்துக்கு வரச் சொல்லுங்கள். வெயிலில் கறுத்திருக்கும் சமயத்தில் வேண்டாம்.