இரும்புக்குள் மெத்தை: இடைக்காலத் தலைக்கவசக் கேள்வி பதில்

பாசினெட் என்ற இரும்புத் தலைக்கவசம் வாங்கினேன், உள்ளே வெறும் இரும்பு. எவ்வளவு தடிமனில் மெத்தை தைப்பது?

முதலில் அளவெடுங்கள். தலைச் சுற்றளவு 58 செ.மீ., கவசத்தின் உட்சுற்றளவு 66 என்றால் வித்தியாசம் 8. அதை 6.28ஆல் வகுத்தால் சுற்றிலும் சுமார் 1.3 செ.மீ. இடம் இருக்கிறது. பஞ்சு போகப்போக அமுங்கும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.

இரண்டு பக்கமும் லினன், நடுவே பருத்திப் பஞ்சு அல்லது கம்பளி, வரிவரியாகத் தையல். உச்சியை மட்டும் மூடித் தைக்காமல் இதழ் இதழாக வெட்டி, ஒவ்வொரு நுனியிலும் துளை போட்டு ஒரு நாடா கோர்த்துவிடுங்கள். நாடாவை இறுக்கினால் கவசம் மேலே ஏறும், தளர்த்தினால் இறங்கும். இதழ்களுக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி கட்டாயம் வேண்டும். உச்சியில் விழும் அடி மண்டையில் நேராக இறங்காமல் காப்பது அதுதான். கவசத்தின் கீழ் விளிம்பை ஒட்டியுள்ள துளைகளில் நூல் விட்டுத் தையுங்கள், பசை வேண்டாம். கழற்றித் துவைக்க வேண்டுமே!

அப்புறம், தாடை வார். அது இல்லாமல் களத்தில் இறங்காதீர்கள்.

ஃபோம் வைத்தால் என்ன அண்ணா?

கவசம் போட்டு மோதும் போட்டிச் சண்டைக்கு என்றால் கெட்டியான ஃபோம் சரி. கோட்டையில் மக்களுக்கு வரலாறு காட்ட என்றால் வேண்டாம்.

சோபா ஸ்பாஞ்ச்?

விரலால் அழுத்திப் பாருங்கள், அடிவரை போகிறதா? அடி விழுந்தாலும் அப்படித்தான் போகும். வேண்டாம்.

முழுவேகச் சண்டைக்காரர்கள் எல்லோரும் ஃபோம்தானே போடுகிறார்கள்? நீங்கள் மட்டும் ஏன் லினன், கம்பளி என்று பிடிவாதம்?

2010இல் உக்ரைனின் கோட்டின் கோட்டையில் தொடங்கிய 'பேட்டில் ஆஃப் தி நேஷன்ஸ்' மாதிரியான போட்டிகளில் உயிருக்குத்தான் முதலிடம். அங்கே லினனுக்குப் பின்னால் ஃபோமை மறைத்து வைப்பதை நான் எதிர்க்கவே இல்லை. ஆனால் வரலாற்றுக் காட்சியில் ஒரு குழந்தை கவசத்தைக் கையில் வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்க்கும். அந்த விரலுக்கு ஃபோம் தட்டுப்பட்டால் நாம் சொன்ன கதை பொய்.

அக்காலத்து மெத்தை எதுவும் மிஞ்சவில்லையே, எதை வைத்து உண்மை என்கிறீர்கள்?

துணி மக்கிப்போகும், அதனால் மிஞ்சியவை குறைவு. ஆனால் இருக்கின்றன. வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில், 1500ஐ ஒட்டிய காலத்துப் போட்டித் தலைக்கவசங்களுக்கான மெத்தைத் தொப்பிகளைப் பார்க்கலாம். தொப்பியைக் கவசத்தோடு இழுத்துக் கட்ட வார்களும் அவற்றில் உண்டு. தலை உள்ளே ஆடக்கூடாது என்பதில் அவர்கள் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள் பாருங்கள். ஃபோமுக்கும் இது பொருந்தும்: எதை அடைத்தாலும் வார் தளர்ந்தால் பயனில்லை.

ஊரிலிருந்து இலவம்பஞ்சு கொண்டுவந்தேன், அடைக்கலாமா?

தலையணைக்கு அருமையான பஞ்சு. இங்கே அடி வாங்கி வாங்கி நொறுங்கி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பருத்தி போடுங்கள்.

பழைய யோகா பாய் ஃபோம்?

மேலே மூன்று பதில்கள் இருக்கின்றன, படியுங்கள் தம்பி.

வைக்கிங் தலைக்கவசத்துக்கு?

என் துறை இல்லை.

வியர்வை நாற்றம் போகவில்லை.

சண்டை முடிந்ததும் பையில் போட்டு மூடாதீர்கள். அன்றே காற்றில் உலர்த்துங்கள். வியர்வை உப்பு இரும்பைத் தின்றுவிடும், உட்புறத்தைத் துடைத்து லேசாக எண்ணெய் பூசுங்கள்.

போன வாரம் தலையில் அடி, இன்னும் தலைசுற்றல் இருக்கிறது. மெத்தையைத் தடிமனாக்கவா?

இன்றே மருத்துவரிடம் போங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை கவசத்தைத் தொடாதீர்கள். மெத்தை மண்டைக்குத்தான், உள்ளே மூளை குலுங்குவதை எந்தப் பஞ்சும் முழுதாகத் தடுக்காது.