சிங்கம் இல்லாத காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

டீச்சர், வணக்கம். எனக்கு 7 வயதில் மகள், 4 வயதில் மகன். முழுப்பரீட்சை லீவில் இரண்டு பேருக்கும் மிருகங்களைக் காட்ட வேண்டும். விடியற்காலை வேன் வைத்து வண்டலூர் போய், ராத்திரியே திரும்பிவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். கோடியக்கரையே போதும் என்கிறார் மாமியார். அங்கே மான்தானே இருக்கிறது, பிள்ளைகள் ஏமாந்து போய்விடுவார்களோ?
– வாசகி, கும்பகோணம்

மாமியார் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. வண்டலூர் நல்ல இடம். ஆனால் கும்பகோணத்திலிருந்து போக வர நாள் முழுக்க வேனிலேயே கழிந்துவிடும். நாலு வயதுப் பிள்ளை புலிக்கூண்டு முன்னால் தூங்கிக்கொண்டு நிற்கும். சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கும்போது அங்கே போங்கள். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

கோடியக்கரைக்கு என் பேரப்பிள்ளைகளை இரண்டு தடவை கூட்டிப் போயிருக்கிறேன். முதல் தடவை மன்னார்குடியிலிருந்து சாவகாசமாகக் கிளம்பி, பதினோரு மணிக்குக் காட்டுக்குள் நுழைந்தோம். மே மாத வெயில். ஒரு மான்கூட வெளியே நிற்கவில்லை, எல்லாம் நிழலில் ஒண்டிவிட்டன. சின்னவன் அழுதுகொண்டே இருந்தான். போதாததற்குப் பெரியவள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்ததும் குரங்கு ஒன்று கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டது. அன்றைக்கு அந்தக் குழந்தை பயந்த பயம் என் மனதைவிட்டு இன்னும் போகவில்லை.

அடுத்த வருஷம் முதல் நாள் சாயங்காலமே போய் வேதாரண்யத்தில் உறவினர் வீட்டில் தங்கினோம். அங்கிருந்து காடு சுமார் 10 கி.மீ. காலையில் திறந்ததும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டோம். அதே காடு, அதே மே மாதம்தான். ஆனால் திறந்த புல்வெளியில் வெளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. கோடியக்கரையை 1967இல் சரணாலயமாக அறிவித்ததே முக்கியமாக இந்த மானுக்காகத்தான். ஆண் மானுக்கு முறுக்கிவிட்ட கயிறு மாதிரி கொம்பு. வயது ஏற ஏற முதுகு கறுத்துக்கொண்டே வரும், வயிறு மட்டும் வெள்ளை. பெண் மானுக்குக் கொம்பு கிடையாது, மண் நிறம். “அதில் அப்பா எது, அம்மா எது?” என்று கேட்டேன். பெரியவள் அரை மணி நேரம் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

சின்னவனுக்கு பைனாகுலர் பிடிபடவில்லை, அந்த வயதில் யாருக்கும் பிடிபடாது. செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டிக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகப் பார்த்தவன் அப்படியே அடங்கி நின்றுவிட்டான். நீங்களும் செய்து பாருங்கள். திடீரென்று எதற்கோ மிரண்டு மான்கள் ஓடின. ஒன்றன் பின் ஒன்றாக எம்பி எம்பிக் குதித்து ஓடும் அந்த ஓட்டத்தைக் கூண்டில் பார்க்க முடியாது. மணிக்கு 80 கி.மீ. வரை ஓடக்கூடியது என்றதும், “நம்ம வேன் அவ்வளவு வேகமாக வரலையே ஆச்சி” என்றான் சின்னவன். சிங்கத்தைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

மான் மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். காட்டுக்குள் புள்ளிமான் உண்டு, நரி, காட்டுப்பன்றி உண்டு. மட்டக்குதிரைகளும் உண்டு. ஒரு காலத்தில் மனிதர்கள் வளர்த்து விட்டுப் போனவற்றின் வம்சம். தாய்க்குதிரைப் பின்னாலேயே ஒரு குட்டி ஓடியதை எங்கள் சின்னவன் இன்னமும் வீட்டில் நடித்துக் காட்டுகிறான். கோடையில் வனத்துறையினர் தொட்டிகளில் தண்ணீர் நிரப்புவார்கள். தொட்டி எந்தப் பக்கம் என்று அவர்களிடம் கேட்டு, தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திருங்கள்.

காட்டுக்குள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே வேண்டாம். ஆசையாகக் குரங்குக்கு ஒரு பழம்கூடக் கொடுக்காதீர்கள். நாம் கொடுத்துப் பழக்கியதால்தான் அது அடுத்த குழந்தையின் கையில் பாய்கிறது. பிள்ளைகளுக்கு முழுக்கால் பேண்ட்டும் ஷூவும் போடுங்கள், சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துவிடும். ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். திரும்பும்போது அகஸ்தியம்பள்ளியில் உப்பளத்தையும், 1930 உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூணையும் காட்டுங்கள். உப்புக் குவியலைப் பார்த்தால் பிள்ளைகள் வண்டியை விட்டு இறங்காமல் விடமாட்டார்கள். வேதாரண்யம் கோயிலைப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டால், வீடு வரும் வரை இரண்டு பேரும் தூங்கிவிடுவார்கள்.

போன மே மாதம் குழந்தைகளோடு வடுவூர் பறவைகள் சரணாலயம் போனோம் டீச்சர். ஏரியில் தண்ணீரே இல்லை, பறவையும் இல்லை. நேரம் தவறிப் போய்விட்டோமா?
– வாசகர், திருவாரூர்

நேரம் இல்லை ஐயா, மாதம்தான் தவறிவிட்டது. வடுவூர் பாசன ஏரி. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடிவிடுவார்கள், ஜூன் 12இல்தான் திறப்பார்கள். ஆற்றில் தண்ணீர் வருவது நின்றால் ஏரியும் வற்றிவிடும், பறவையும் கிளம்பிவிடும். அரையாண்டு லீவிலோ பொங்கல் லீவிலோ போங்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் இதே கணக்குதான், அங்கே நத்தைகுத்தி நாரையைப் பார்க்கலாம். அந்தச் சமயத்தில் கோடியக்கரை போனால் பூநாரைக் கூட்டமும் கண்ணில் படும். மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் புறப்படுங்கள், காட்டுப் பாதையில் சேறு சற்றுக் காய்ந்திருக்கும்.